கரி மூட்டத்திலிருந்து கேஸ் வரை: எங்கள் சுட்ட மீன் கடை வந்த வழி

ஒவ்வொரு குழுவும் தன் தொழிலின் வரலாற்றை மலருக்கு எழுதித் தரணும் என்று சொன்னார்கள். எங்கள் குழுவில் பத்தாவது வரை படித்தவள் நான் என்பதால் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததை, பெரியவர்களிடம் கேட்டதை, கடையில் கண்ணால் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் கடை சாயல்குடிப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இருக்கிறது. சாயங்காலம் மீன் சுட்டு விற்கிறோம். முதலில் கரியில் சுட்டோம், இப்போது கேஸில் சுடுகிறோம். கேட்க ஒரு வரிச் செய்தி மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் கரி என்றால் அடுப்பு மட்டும் இல்லை, அது பல வீடுகளின் சோறு.

தீயில் சுட்டுச் சாப்பிடுவது நமக்குப் புதிது இல்லை. கரிகால் சோழன் தன்னிடம் வந்த பொருநருக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி கொடுத்ததாகப் பொருநராற்றுப்படையில் வருகிறது என்று என் மகளின் தமிழ் டீச்சர் சொன்னார்கள். இன்றைக்கு டவுனில் கம்பியில் சுற்றுகிற கோழியைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

வீட்டு அடுப்பின் கதை வேறு. எங்கள் அப்பத்தா காலத்தில் மூன்று கல் அடுப்பும் மண் அடுப்பும்தான். விறகு, முள், பனை மட்டை எல்லாம் எரியும். கொஞ்சம் வசதி உள்ள வீட்டில் காபி போட, பால் காய்ச்ச, குமுட்டி அடுப்பில் கரி போடுவார்கள். அப்புறம் ரேஷன் மண்ணெண்ணெயில் ஸ்டவ் வந்தது. நம் நாட்டில் 1955இல் பம்பாயில் கேஸ் விற்பனை தொடங்கிவிட்டது, இண்டேன் 1965இல் வந்தது என்று படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் நிறைய வீட்டுக்குக் கேஸ் வந்தது 2007க்கு அப்புறம், தமிழக அரசு இலவச அடுப்பும் இணைப்பும் கொடுத்தபோதுதான். 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது, அதிலும் சிலருக்குக் கிடைத்தது.

இனி கரிக்கு வருகிறேன். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேல்தான். 1870களில் வெள்ளைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவந்த மரம். மழை பொய்த்து விவசாயம் போன இடத்தில் எல்லாம் அது ஏறிக்கொண்டது. 2017இல் அதை வேரோடு பிடுங்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது. நிலத்துக்கு அது கெடுதல் என்று சொல்கிறார்கள். ஆனால் நிலம் விளையாத வருஷங்களில் அந்த முள்ளை வெட்டிக் கரி சுட்டுத்தான் எங்கள் சனம் பிழைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூட்டம் போடுவதைப் பார்த்திராத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். வெட்டிய கட்டையை நெருக்கமாக அடுக்குவார்கள். மேலே தழையும் வைக்கோலும் மூடி, அதற்கு மேல் மண் பூசுவார்கள். காற்றுக்குச் சின்னச் சின்ன ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை வரும், அது கட்டையில் உள்ள ஈரம். பல நாள் கழித்துப் புகை மெலிந்து நீலமாக வந்தால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லா ஓட்டையையும் அடைத்து ஆறவிடுவார்கள். நடுவில் எங்காவது மண் உள்வாங்கிக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் ராத்திரியும் காவல் இருக்கணும். நாலைந்து கிலோ கட்டை போட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும். இந்த வேலையில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கள் குழுவிலேயே மூன்று பேர் மூட்டத்து வேலைக்குப் போனவர்கள்.

மீன் கடை ஆரம்பித்தபோது அந்த மூன்று பேரிடமிருந்தே கரி வாங்கினோம். இரும்பு டிரம்மை நெடுக்காக அறுத்துக் கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டோம். மீன் ருசியாகத்தான் இருந்தது. கஷ்டம் வேறு இடத்தில். கரி கனிந்து மேலே வெள்ளைச் சாம்பல் பூக்க அரை மணி நேரம் ஆகும். வண்டியை நிறுத்திக் கேட்கிறவர்கள் அதுவரை நிற்க மாட்டார்கள். கடல் காற்று தூக்கி அடித்தால் பொறி பறந்து கீற்றுக் கொட்டகைப் பக்கம் போகும், ஒருத்தி தண்ணீர் வாளியோடு நிற்கணும். மழைக்காலத்தில் கரி நமுத்துப்போகும். கூடவே, எப்போதும் அடுப்படியில் நிற்கிற அக்காவுக்கு இருமல் விடவே இல்லை. மீனின் எண்ணெய் கங்கில் சொட்டி வரும் புகை நேரே அவர் முகத்தில்தான் அடிக்கும். கரிக்குத்தான் புகை இல்லையே என்று நினைப்போம். கண்ணுக்குத் தெரியாத விஷவாயு அதில் வரும், அடைத்த அறையில் கரி மூட்டினால் உயிரே போகும் என்று கிராம சுகாதார செவிலியர் சொன்ன பிறகுதான் கூட்டத்தில் கேஸ் பேச்சு எழுந்தது.

அந்தக் கூட்டம் சுலபமாக முடியவில்லை. மூட்டத்து அக்கா ஒருத்தர் எழுந்து, "நம்ம குழுவே நம்ம கரிய வேண்டாம்னா, யாவாரி என்ன வெல கேப்பான்?" என்றார். ஒருத்தரும் பதில் பேசவில்லை. அடுப்படி அக்கா மெதுவாக, "எனக்கு மட்டும் ஆசையா தாயி? மூச்சு விட முடியலயே" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். மூன்று கூட்டம் பேசித்தான் முடிவு எடுத்தோம். அடுப்பு கேஸுக்கு மாறும். மூட்டத்துப் பெண்களில் விரும்புகிறவர்கள் கடையில் முறை வைத்து வேலைக்கு வரலாம். வங்கிக் கடனில் அடுப்பு வாங்குவது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

கடையில் விற்கிற ரெடிமேட் கிரில் எங்கள் கையில் உள்ள பணத்துக்கு எட்டவில்லை. அதனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நீள பர்னரும் ரெகுலேட்டரும் ட்யூபும் மட்டும் கடையில் வாங்கினோம். சட்டத்தை வெல்டிங் பட்டறையில் எங்கள் அளவுக்குச் செய்தோம். அதில் எங்களுக்கு உதவியவற்றைச் சொல்கிறேன், வேறு குழுவுக்கும் பயன்படும்.

பர்னருக்கு மேலே இரும்பு ஆங்கிளைக் கவிழ்த்து, கூரை மாதிரி வைத்தோம். எண்ணெய் பர்னர் ஓட்டையில் விழுந்து அடைக்காது, சூடான ஆங்கிளில் பட்டுப் புகையாகும். சுட்ட வாசம் பெரும்பாலும் கரியிலிருந்து வருவதில்லை, இந்தச் சொட்டுகிற எண்ணெயிலிருந்துதான் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டதில்தான் எங்கள் கடை பிழைத்தது. வழிகிற மிச்சத்துக்குக் கீழே இழுக்கிற மாதிரி ஒரு தட்டு.

வலையை மாட்ட மூன்று உயரத்தில் கொக்கி வைத்தோம். சாளைக்குக் கீழ்க் கொக்கி, கனமான சீலாத் துண்டுக்கு மேல் கொக்கி. இரண்டு பர்னருக்கும் தனித்தனி திருகு. ஒரு பக்கம் தீ அதிகம், மறு பக்கம் சிம்மில். சுட்டதை அந்தப் பக்கம் தள்ளி வைத்தால் கருகாமல் சூடாக இருக்கும். கடல் காற்றுக்கு மூன்று பக்கம் தகரம் அடித்தோம், அடியில் மட்டும் காற்றுக்கு வழி விட்டோம். தீ நீலமாக எரியணும், மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பழைய கரி வாசம் கேட்கிறவர்களுக்கு, ஓட்டை போட்ட சின்ன இரும்புப் பெட்டியில் காய்ந்த சிரட்டைத் துண்டும் கொஞ்சம் கரியும் போட்டு ஓரத்தில் வைக்கிறோம்.

வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்கு வைக்கக் கூடாது. வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர்தான். செலவு கூடத்தான், ஆனால் அதுதான் சட்டம். சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்கணும், அடுப்புக்கு அடியிலோ பள்ளத்திலோ வைக்கக் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். வாடை வந்தால் வால்வை மூடி, சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906க்குப் போன் பண்ணணும். இந்த எண்ணைக் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

இப்போது பத்து நிமிஷத்தில் அடுப்பு சூடாகிவிடுகிறது. அடுப்படி அக்காவின் இருமல் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. மூட்டத்துப் பெண்களில் இருவர் மீன் சுத்தம் பண்ணி மசாலா தடவும் வேலைக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவது அக்கா வரவில்லை. "எனக்குத் தெரிஞ்ச தொழில் இதுதான்" என்று இன்றைக்கும் மூட்டம் போடுகிறார். எங்கள் பெட்டிக்கு வேண்டிய கரி அவரிடம்தான் வாங்குகிறோம். அது அவர் சுடுகிற கரியில் ஒரு மூலைக்குக்கூட ஆகாது. மீதியை யாவாரி சொன்ன விலைக்குத்தான் போடுகிறார்.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். கேஸுக்கு மாறுகிற குழுக்களுக்குக் கடன் கிடைக்கிறது, நல்லது. அதே மாதிரி மூட்டம் போடுகிற பெண்களின் கரியைச் சேர்த்து, எடை போட்டு, ஒரே விலையாக விற்கவும் கூட்டமைப்பு ஏற்பாடு பண்ணணும். இந்த மண்ணில் சீமைக் கருவேல் இருக்கிற வரைக்கும் அவர்கள் தொழிலும் இருக்கும். அடுத்த மலரில் அந்த அக்காவின் கரி வியாபாரக் கதையையும் எழுத எனக்கு ஆசை.