நான் ஏன் முகநூலில் இல்லை

முகநூலில் ஏன் சேரவில்லை என்று வெளிநாட்டு நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் தீவகத்தவர் ஊரோடு பேசுவதும், கோயில் திருவிழாவைப் பார்ப்பதும் அங்கேதானே என்பது அவர்களின் வாதம். அதை நான் மறுக்கவில்லை. என் தயக்கத்துக்கான காரணங்கள் எங்கள் வரலாற்றிலேயே இருக்கின்றன.

முதலாவது, சாட்சியம். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து இத்துறையை நோக்கி வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆகக் குறைந்தது 23 பேர் என்பது அன்றைய பதிவு. ஊரவரின் கணக்கு முப்பதுக்கும் மேல். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சத்தியக்கடதாசி முடித்துச் சொன்னார்கள். அதனாலேயே அச்செய்தி உலகை எட்டியது. சர்வதேச மன்னிப்புச் சபையும் விசாரணை கோரியது.

சொன்னதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தால்தான் அது செய்தி. பத்திரிகையின் அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர், முகவரி எல்லாம் இருக்கும். அந்த முகவரியைத் தேடி வந்துதான் 1981இல் 'ஈழநாடு' அலுவலகத்தை எரித்தார்கள்; 2006 மே 2இல் 'உதயன்' அலுவலகத்தில் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். பொறுப்பின் விலை அது. முகநூலில் வதந்திக்கு முகவரி இல்லை. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் பரவிக் கலவரமானது. அடுத்த மாதம் திகனையில் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசு முகநூலை ஒரு வாரத்துக்கு மேல் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

இரண்டாவது, பட்டியல். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை அடையாளம் காணக் காடையர் வாக்காளர் இடாப்புகளோடு வந்தார்கள். வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயர் அது. 2011இல் யாழ்ப்பாணத்தில் இராணுவம் வீடு வீடாகக் குடும்பங்களைப் படமெடுத்துப் பதிந்தபோது, அதை எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை போனோம். இன்று அதே குடும்பப் படத்தை, உறவுமுறை, ஊர், பிறந்தநாள் விபரங்களோடு நாமே விரும்பிக் கொடுக்கிறோம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்கள் வரை கைமாறியிருக்கலாம் என்று 2018இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உள்நாட்டு அனுபவமும் உண்டு. 2024 மாவீரர் நாளை ஒட்டி முகநூலில் பதிவுகளைப் பகிர்ந்தமைக்காகச் சிலர் கைதானார்கள். ஒருவர் எதை நினைவுகூர்கிறார் என்பதை அறிய, முன்போல் வீட்டுக் கதவைத் தட்டவேண்டியதில்லை.

மூன்றாவது, நினைவு. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பதன் ஆபத்தை உணர்ந்தோம். முகநூலில் எதை வைத்திருக்கலாம், எதை நீக்கவேண்டும் என்று முடிவு செய்வது அந்த நிறுவனம். நவம்பரில் நினைவேந்தல் பதிவுகள் மறைந்துபோவதாகப் புலம்பெயர்ந்தோர் முறையிடுகிறார்கள். வாடகைகூடக் கேட்காத வீட்டுக்காரன் எழுப்பிவிட்டால் யாரிடம் முறையிடுவது?

முகநூலை விட்டு வெளியேறுங்கள் என்று எவருக்கும் சொல்லமாட்டேன். தொலைபேசியும் மின்னஞ்சலும் எனக்குப் போதும், எல்லோருக்கும் போதாது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். குமுதினியில் இறந்தவர்களின் பெயர்களை, உங்கள் ஊர்ப் படங்களை அங்கே இடுகிறவர்கள், ஒரு பிரதியை 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்துக்கும் அனுப்புங்கள். இன்னொன்றைக் காகிதத்தில் அச்சிட்டு வீட்டில் வையுங்கள்.