பள்ளிப்படையும் பறைச்சுடுகாடும்

பட்டீஸ்வரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உடையாளூர் வரைக்கும் நடந்தே போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். முன்பு கல்கியின் நாவலைப் படித்துவிட்டு, குந்தவை இருந்த பழையாறை எது என்று விசாரித்துக்கொண்டு ஒருவர் இருவர் வருவார்கள். 2022இல் அது சினிமாவாக வந்த பிறகு வேன் பிடித்து வருகிறார்கள். வழியில் சோழன்மாளிகை என்று ஓர் ஊர், மாளிகை இல்லை. ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று நான்கு ஊர்கள்; படை இல்லை. இருப்பது நெல்லும் வாழையும் வாய்க்காலும், அங்கங்கே மண்ணுக்குள்ளிருந்து வெளிவரும் செங்கல் துண்டும்தான். நந்திபுரம், முடிகொண்டசோழபுரம் என்று காலத்துக்கொரு பெயர் சூடிய சோழர் தலைநகரம் இன்று பழையாறை என்ற சின்னக் கிராமம். தலைநகரம் ஊராகச் சுருங்கியதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அங்கே போகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

அவர்கள் தேடுவது ராஜராஜனின் சமாதி. 985இல் பட்டமேறி 1014இல் இறந்த அந்தப் பேரரசன் எங்கே அடக்கமானான் என்பதற்கு உடையாளூர்தான் விடை என்று ஒரு நம்பிக்கை. வாழைக்கொல்லைக்குள் மண்ணில் பாதி புதைந்து கிடந்த லிங்கத்துக்குக் கொட்டகை போட்டு, மாலை போட்டு, கற்பூரம் ஏற்றுகிறார்கள். 'ராஜா சமாதிதானே தம்பி? வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க' என்று வழி காட்டினார் ஒரு பெரியவர். வேறெதையும் யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்ற தொனி அதில் இருந்தது.

இறந்த அரசன்மேல் சிவன் கோயில் எழுப்புவது சோழர்களிடம் இருந்த வழக்கம்தான். அதற்குப் பள்ளிப்படை என்று பெயர். தொண்டைமானாற்றூரில் இறந்த ஆதித்தனுக்கு அவன் மகன் பராந்தகன் காளத்திக்குப் பக்கத்தில் எடுத்தது ஒன்று. அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் ராஜராஜன் எடுத்தது இன்னொன்று. பட்டீஸ்வரத்திலேயே பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த கோயில் நிற்கிறது. பெற்றவள் அல்ல, சிற்றன்னை. சிற்றன்னைக்கே எடுத்தவன் தகப்பனுக்கு எடுக்காமலா இருந்திருப்பான் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கேள்வி நியாயமாக இருப்பதாலேயே அது சான்றாகிவிடாது. உடையாளூர்ப் பால்குளத்து அம்மன் கோயில் தூண் ஒன்றில் முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 1112 அளவில், சிவபாதசேகரன் என்ற ராஜராஜனின் பெயரால் வழங்கிய திருமாளிகையின் முன்மண்டபம் பழுதுபட்டதையும் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது அது. திருமாளிகை என்பதைச் சமாதி என்று படிக்கிறவர்கள் உண்டு. அரண்மனை என்று படிப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு அங்கே தொல்லியல் ஆய்வு நடந்தது; சமாதிக்குச் சான்று கிடைக்கவில்லை. கற்பூரம் மட்டும் நிற்கவில்லை.

அதே 2019இல்தான் பக்கத்துத் திருப்பனந்தாளில் ராஜராஜன் காலத்து நிலப் பறிப்பைப் பற்றிப் பேசியதற்காக இயக்குநர் பா. இரஞ்சித் மேல் வழக்குப் பதிவானது. ஒரே ஆண்டு, ஒரே வட்டாரம். ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்த அரசனின் எலும்பைத் தேட ஒரு சட்டம், அவன் காலத்து நிலக் கணக்கைக் கேட்டவரைத் தேட ஒரு சட்டம்.

நாம் யவனர் என்று சொன்னவர்களின் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 1932இல் முசோலினி ரோமாபுரியில் கொலோசியத்தை நோக்கி நேராக ஒரு சாலை போட்டான். குறுக்கே இருந்த குடியிருப்புகளை இடித்து, அங்கே வாழ்ந்த எளிய ஜனங்களை நகரத்தின் விளிம்புக்குத் துரத்தினான். தோண்டத் தோண்ட வந்த பழைய நகரத்தின் பெரும்பகுதியை மறுபடி சாலைக்கு அடியிலேயே போட்டு மூடினான். சாலை ஓரத்தில் சீசர், அகஸ்டஸ், நெர்வா, டிராஜன் என்று வெண்கலச் சிலைகள் (சீசர் பேரரசனே அல்ல என்பது வேறு விஷயம்). பேரரசர்கள் நின்றார்கள், ஊர் அடியில் போயிற்று. இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சிலைகளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் முசோலினி இல்லை, ஓட்டு இருக்கிறது. 1972இல் தமிழக அரசு ராஜராஜனுக்குச் சிலை செய்து பெரிய கோயிலுக்குள் வைக்கப் பார்த்தது. மத்தியத் தொல்லியல் துறை விடவில்லை. சிலை கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. தான் கட்டிய கோயிலுக்குள்ளேயே இடம் கிடைக்காத தமிழ் மன்னன் என்று அந்தச் சிலையைக் காட்டிக் காட்டி ஒரு கண்ணீர்ச் சொல்லாடல் உருவானது. தில்லி அதிகாரத்தின் மேல் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1968 டிசம்பர் 25 இரவில், அதே தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். நெற்களஞ்சியத்தின் பெருமைக்கு எந்தச் சிலை என்ற கேள்வி வந்தபோது, களஞ்சியத்தை நிரப்பியவர்கள் யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

இத்தனைக்கும் ராஜராஜனின் கல்வெட்டுக்கு அவர்கள் நினைவு இருக்கிறது. இதுதான் வேடிக்கை. பெரிய கோயில் சுவரில், அவனது 29ஆம் ஆண்டில், கோயிலுக்குக் கொடுத்த 40 ஊர்களின் கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. வேலியை மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே என்று இழை இழையாகப் பிரித்து அளந்த கணக்கு. ஒவ்வொரு ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து வரி கொடுக்காத பகுதியைக் கழித்து, மீதிக்கு இவ்வளவு நெல் என்று முடியும். கழிக்கிற பட்டியல்தான் நாம் நின்று படிக்க வேண்டிய இடம். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சில ஊர்களில் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. சுடுகாடும் ஒன்றல்ல. வெள்ளாளர் சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி.

இதே சுவரில் தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர் உண்டு. எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் உண்டு. ஒருத்திக்குப் பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இவர்களில் பலர் பழையாறைத் தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ராஜா சமாதி தேடி நாம் நடக்கிற பாதையின் மறுமுனை இது. சுதந்திரம் இல்லாத வாழ்க்கைதான், ஆனாலும் பெயர் கிடைத்திருக்கிறது. பறைச்சேரிக்காரர்களுக்குப் பெயர் இல்லை. இடம் மட்டும் இருக்கிறது, அதுவும் கழித்தல் கணக்கில்.

பறைச்சேரிக்கு வரிவிலக்குக் கொடுத்த கருணை மன்னன் என்று இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மேடையிலும் கேட்டிருக்கிறேன். அப்படியானால் சுடுகாட்டுக்கும் வாய்க்காலுக்கும் கருணை காட்டினானா? நெல் விளையாத இடத்தில் வரி கேட்க முடியாது, அவ்வளவுதான். அந்தச் சேரியில் இருந்தவர்களின் உழைப்பு வேறொருவர் பெயரிலிருந்த வயலில் நெல்லாகி, அந்த நெல் வரியாகிக் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தரப்பு நண்பர்கள் சிலர் எல்லாவற்றையும் ராஜராஜன் தலையில் கட்டிவிடுகிறார்கள். பிரமதேயம் பல்லவர் காலத்திலேயே உண்டு. நாயக்கர், மராட்டியர், வெள்ளைக்காரன் என்று ஆண்டவர்கள் மாறியும் டெல்டாவின் நில உடைமை அடித்தட்டில் அப்படியே இருந்தது. ஒரு மன்னனை வில்லனாக்குவது அவனை மறுபடி நாயகனாக்குவதற்குச் சமம். மேடையில் அவனே நிற்பான். அவனது எழுத்தர்கள் ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடிக்கவில்லை, அளந்து, எழுதி, கோயில் சுவரில் நிரந்தரமாக்கினார்கள். சேரியும் தனிச் சுடுகாடும் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயங்கள். வாய்க்கால் இருக்கிற மாதிரி அதுவும் இருக்கிறது. அந்த எழுத்தின் அலட்சியத்தைத்தான் நாம் வாசிக்க வேண்டும். போர் வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்தியைவிட இந்தக் கழித்தல் பட்டியலில்தான் சோழ ராஜ்ஜியம் நடந்த விதம் தெரிகிறது.

பேரரசன் எங்கே புதைந்தான் என்பதற்குக் கல்வெட்டில் தெளிவான பதில் இல்லை. உழுதவன் எங்கே எரிந்தான் என்பதற்கு ஊர் ஊராகப் பதில் இருக்கிறது. அதைத் தேடி யாரும் பஸ் ஏறி வருவதில்லை. தேடவும் தேவையில்லை, பல ஊர்களில் அது அதே திசையில்தான் இருக்கிறது. போகிற பாதைதான் கிடையாது. வரப்பிலும் சேற்றிலும் பாடை தூக்கிப் போகிறார்கள், நடவு முடிந்த வயலென்றால் சண்டை. 2016 ஜனவரியில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், வீரட்டானக் கோயிலுக்குப் பேர்போன வழுவூரில், திருநாள்கொண்டச்சேரித் தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத் தெரு வழியாக எடுத்துப்போக உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஊரில் எதிர்ப்பு. கடைசியில் போலீஸே உடலை எடுத்துக்கொண்டு வேறு பாதையில் போய் அடக்கம் செய்தது.