பத்து டொலரும் ஐந்து டொலரும்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்குக் காரணம் அடிமைத்தனமா, மாநில உரிமையா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. தெற்கு மாநிலங்கள் தம் உரிமைக்காகத்தான் பிரிந்தன என்று சொல்வோர் இன்றும் உண்டு. அவர்கள் 1850ஆம் ஆண்டுச் சட்டமொன்றை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும்.

தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எசமானிடம் ஒப்படைக்கும் சட்டம் அது. 1793 முதலே அப்படியொன்று இருந்தது. ஆனால் வடக்கு மாநிலங்கள் அதை ஏனோதானோ என்றுதான் நடத்தின. சில தடுக்கவும் செய்தன. தெற்கின் நெருக்குதலால் 1850இல் காங்கிரஸ் அதை இறுக்கியது. பிடிபட்டவர் தன் பக்கத்துச் சாட்சியம் சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. விசாரிக்கும் ஆணையாளர் அவரை அடிமையென்று திருப்பி அனுப்பினால் கட்டணம் பத்து டொலர், விடுவித்தால் ஐந்து. அனுப்புவதென்றால் எழுத்துவேலை கூடவாம்! ஒளிய இடம் கொடுத்தவருக்கு ஆயிரம் டொலர் வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல். தெருவில் போகிற மனுசனையும் பிடிப்பதற்குத் துணைக்குக் கூப்பிடலாம். கூப்பிட்டால் போயாக வேண்டும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. வடக்கில் பெரும்பாலானோருக்கு அதுவரை அடிமைத்தனம் எங்கோ தூரத்துப் பருத்தித் தோட்டத்துச் சங்கதி. (கறுப்பு மக்களை அவர்கள் சமமாக மதித்தார்கள் என்றும் இல்லை.) சட்டம் அந்தச் சங்கதியை அவர்களது வாசலுக்கே கொண்டுவந்தது.

வேர்ஜீனியாவிலிருந்து தப்பிவந்த அந்தோனி பேர்ன்ஸ், பொஸ்டனில் துணிக்கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். 1854 மே 24ஆம் திகதி அவரைப் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சனம் நீதிமன்றக் கதவை உடைத்தது. காவலர் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 2ஆம் திகதி ஒரேயொரு மனுசனைக் கப்பலேற்றப் படையே வந்து நின்றது. கட்டடங்களில் கறுப்புத் துணி. தெருவுக்கு மேலே சவப்பெட்டியொன்று தொங்கியது. தெற்கின் பருத்தியில் வியாபாரம் வளர்த்த அமோஸ் லோரன்ஸ் போன்ற செல்வந்தர்களே அந்த நாட்களில் மனம் மாறினார்கள்.

அதே வாரம்தான், கன்சாஸில் அடிமைத்தனம் வேண்டுமா இல்லையா என்பதைக் குடியேறிகளே தீர்மானிக்கட்டும் என்ற சட்டமும் வந்தது. அடிமைத்தனத்தை எதிர்க்கும் குடியேறிகளை அங்கே அனுப்ப லோரன்ஸ் பணம் கொடுத்தார். ஓர் ஊருக்கே அவர் பெயர் வைத்தார்கள். 1856 மே 21ஆம் திகதி அடிமை ஆதரவாளர்கள் அந்த ஊரைச் சூறையாடினார்கள். உள்நாட்டு யுத்தத்தின் ஒத்திகை அது.

இனி மாநில உரிமைக்கு வருவோம். 1855இல் மசாசூசெட்ஸ் தன் அதிகாரிகள் அடிமை பிடிக்கத் துணைபோகாதபடி சட்டம் இயற்றியது. விஸ்கொன்சின் உயர் நீதிமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்றது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஆக, மாநில உரிமை பேசியது வடக்கு! மத்திய அரசின் படையையும் நீதிமன்றத்தையும் கூப்பிட்டது தெற்கு. 1860 டிசம்பரில் பிரிந்துபோன தென் கரோலினா, தன் பிரகடனத்தில், அடிமைகளைத் திருப்பித்தர மறுக்கும் வடக்கு மாநிலங்களைப் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டியது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

1861 ஏப்ரல் 12ஆம் திகதி யுத்தத்தின் முதல் பீரங்கி அந்த மாநிலத்தின் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் வெடித்தது. 1807இல் மேற்கு ஆபிரிக்காவின் ஃபூட்டா டோரோவைச் சேர்ந்த ஆலிமான உமர் இப்னு ஸயீத் அடிமையாக வந்திறங்கியதும் அங்கேதான். அவரும் ஒருமுறை தப்பியோடி, வட கரோலினாவில் பிடிபட்டுச் சிறையிருந்தவர். 1831இல் தன் வரலாற்றை அரபியில் எழுதினார். ஸூரத்துல் முல்க்குடன் அதைத் தொடங்கினார். பீரங்கி வெடித்தபோது அவர் வட கரோலினாவில் முதியவராக இருந்தார். யுத்தம் முடியுமுன்னர், அடிமையாகவே மௌத்தானார்.