வாசிகசாலையின் திறப்பு

எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர் அண்ணை போன மாதம் காலமானார். முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவு நூலுக்கு நிலையத்தின் வாசிகசாலையைப் பற்றி எழுதித் தரும்படி வீட்டார் கேட்டார்கள். பிறப்பு, தபால் கந்தோர் உத்தியோகம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் அவர்களே எழுதிவிட்டார்கள். வாசிகசாலைக் கதையை எழுதத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தின் வாசிப்பு வரலாறும் கூடவே வந்துவிடுகிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரு தனி மனிதரின் வீட்டில் தொடங்கியது. 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஒரு குழு அமைந்தது, அவரே செயலாளர். அப்போது ஏறத்தாழ 1,000 புத்தகங்களும் பத்திரிகைகளும் ஒரே அறையில் இருந்தன. பிறகு நகரசபை பொறுப்பெடுத்தது. 1959இல் நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1981 மே இறுதியில் மூண்ட வன்செயலின்போது அந்தக் கட்டடம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அதை உலகம் அறியும். சம்பளம் வாங்காத ஒரு செயலாளரிடமிருந்து அந்த நூலகம் வளர்ந்தது என்பதைச் சிலரே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

குடாநாட்டின் ஊர்களில் இருக்கும் வாசிகசாலைகளும் அப்படி உருவானவைதான். ஒருவர் காணி கொடுப்பார், இன்னொருவர் சீமெந்து கொடுப்பார், இளைஞர்கள் சிரமதானத்தில் கல் சுமப்பார்கள். உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு நடக்கும். கட்டடம் எழும்பிய பிறகுதான் உண்மையான கேள்வி வரும்: நாளைக்கு விடியக் கதவைத் திறப்பது ஆர்?

எங்கள் ஊரில் அதற்கு அண்ணைதான் பதில். விடியற்காலையில் சைக்கிளில் வந்து, கூட்டித் தண்ணீர் தெளித்து, பத்திரிகைகளை மேசையில் போடுவார். வீரகேசரி, தினகரன், உதயன் மூன்றையும் தாள் தாளாகப் பிரித்து வைப்பார். ஒரு பத்திரிகையை ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வாசிக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. விளையாட்டுப் பக்கம் பெடியன்களுக்கு, மரண அறிவித்தல் வயது போனவர்களுக்கு. "வாசிச்சிட்டு இருந்த மாதிரி அடுக்கி வையுங்கோ தம்பி" என்பார். மாத முடிவில் பழைய பத்திரிகைகளை நிறுத்து விற்பார். கிடைத்த காசை ஐந்து சதம் பிசகாமல் கணக்குக் கொப்பியில் எழுதி, யாராவது ஒருவரிடம் கையொப்பம் வாங்குவார்.

1990இல் மீண்டும் யுத்தம் மூண்டது. மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. பத்திரிகைத் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சாகி வந்தது. அந்த ஒடுங்கிய தாளையும் அண்ணை பிரித்தே வைத்தார். பின்னேரங்களில் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பெடலைச் சுழற்ற, டைனமோ மின்சாரத்தில் றேடியோ பாடும். செய்தி முடியும்வரை வாசிகசாலை விறாந்தையில் ஊரே நிற்கும். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஜாம் போத்தல் விளக்கு ஒன்றை மேசையில் வைப்பார். அதற்கான எண்ணெய் அவர் வீட்டுப் பங்கிலிருந்து வந்தது என்பதை அவர் மனைவி அண்மையில்தான் எனக்குச் சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு மழையில் நடந்த சனத்தில் அண்ணையும் இருந்தார். சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை. அதற்குள் உடுப்புகளுக்கு நடுவே வாசிகசாலையின் கூட்டறிக்கைப் புத்தகமும் அங்கத்தவர் பதிவேடும். 1996இல் திரும்பி வந்தபோது நிலையத்தில் அலுமாரிகள் இல்லை, யன்னல்கள் இல்லை. பதிவேடு இருந்ததால் பழைய அங்கத்தவர்களை வீடு வீடாகத் தேடிப் போனார். வெளிநாடு போனவர்களுக்குக் கடிதம் எழுதினார். மேசையும் வாங்குகளும் அப்படித்தான் வந்தன.

அந்தக் கூட்டறிக்கைப் புத்தகம் இப்போது என் முன்னால் இருக்கிறது. கரையான் அரித்த ஓரங்கள், பல கைகளின் எழுத்து. கிணறு இறைத்தது, நூல் சேகரித்தது, கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டது, பிணக்கைத் தீர்த்தது என ஓர் ஊர் தன்னைத் தானே நடத்திய விதம் அதில் இருக்கிறது. இத்தகைய ஏடுகள் குடாநாட்டின் அலுமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் பாதுகாத்து வருகிறது. ஊர் வாசிகசாலைகளின் கூட்டறிக்கைகளும் அவ்வாறே காக்கப்பட வேண்டும். எங்களுடையதை முதலில் கொடுப்போம் என்று நிர்வாகசபையில் பிரேரணை வைத்திருக்கிறேன்.

கைபேசியில் செய்தி வரும் காலத்தில் வாசிகசாலை எதற்கு என்று கேட்கிறார்கள். செய்தி தனியே வரலாம்; அதை நாலு பேரோடு இருந்து வாசித்து, மறுத்து, பிறகு ஊர்க் காரியத்தில் சேர்ந்து இறங்கும் பழக்கம் தனியே வராது. அந்தப் பழக்கத்தை அண்ணை ஒரு தலைமுறைக்குப் பழக்கினார். அவருக்கு ஊர் செய்யும் அஞ்சலி ஒன்றுதான்: திறப்பை வாங்க இளையவர்கள் முன்வர வேண்டும், கதவு நேரத்துக்குத் திறபட வேண்டும்.