பாதை முடியும் முன்பே பந்தயம்: 'எஃப்1 2011' விளையாட்டின் நிறைகளும் குறைகளும்

2011 அக்டோபர் 30. தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்வதேச ஓடுபாதையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 கிராண்ட் ப்ரீ நடந்த நாள். ஆனால் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அதே பாதையில் உலகம் முழுக்கப் பலர் கார் ஓட்டிவிட்டார்கள்! எப்படி என்கிறீர்களா? இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட 'எஃப்1 2011' என்ற வீடியோ கேமில்தான்.

"அப்படியே நிஜம் மாதிரி" என்று பெயர் வாங்கிய விளையாட்டு இது. எது நிஜம் மாதிரி இருந்தது? எது இல்லவே இல்லை? கணக்குப் புத்தகத்தில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுவது போல இரண்டையும் எழுதிப் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

கார் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பந்தயத்துக்கென்றே கட்டிய பாதை, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் வந்தது. கோவையில் காரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறக்கப்பட்டது.

அந்தக் கோவையைச் சேர்ந்தவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். அவருக்குப் பின் 2010-இல் சென்னையின் கருண் சந்தோக், எச்ஆர்டி அணிக்காக ஓட்டினார்.

விளையாட்டுகளின் கதை தனி. 1982-இல் நாம்கோவின் 'போல் பொசிஷன்' வந்தபோது, மோதாமல் வேகமாகப் போனால் போதும். 1990-களில் ஜெஃப் கிராமண்ட் உருவாக்கிய 'கிராண்ட் ப்ரீ' வரிசையும், 1997-இல் ஜப்பானில் வெளியான 'கிரான் டூரிஸ்மோ'வும் அதை மாற்றின. காரின் எடை, டயரின் பிடி, பிரேக் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விளையாட்டுகள் வந்தன. 'எஃப்1 2011' அந்த வழியில் வந்ததுதான்.

வரவுப் பக்கம்

முதல் நிறை, அந்த ஆண்டின் விதிகள் அப்படியே உள்ளே இருந்தன. 2011-இல்தான் பிரெல்லி டயர்கள் வந்தன. பின் இறக்கையைத் திறந்து காற்றின் தடையைக் குறைக்கும் டிஆர்எஸ் வந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் கெர்ஸ் மறுபடியும் வந்தது. மூன்றையும் விளையாட்டில் பயன்படுத்த வேண்டும். டயர் தேயும், எரிபொருள் குறையும், நடுவில் மழை வரும். முந்தைய 'எஃப்1 2010'-இல் இல்லாத பாதுகாப்புக் காரும் இதில் சேர்ந்தது. ஆலோசகர் யார் தெரியுமா? ஃபார்முலா 1-இல் ஓட்டிய ஆண்டனி டேவிட்சன்!

இரண்டாவது நிறை, புத்தா ஓடுபாதை. 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள், வடிவமைத்தவர் ஹெர்மன் டில்கே. நிஜப் பாதையில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தபோதே விளையாட்டில் அது தயார்! மூன்றாம் வளைவைக் கடந்ததும் வரும் நீண்ட நேர்ப்பாதையையும், பத்தாம் வளைவின் அகலத்தையும், டிக்கெட் வாங்கிய ரசிகருக்கு முன்பே வீட்டிலிருந்தவர் பார்த்துவிட்டார்.

மூன்றாவதுதான் நம் பக்கத்துக்காரர்களுக்கு முக்கியம். மதுரையின் ஓரத்தில் திண்டுக்கல் சாலையில் இருக்கிறது விளாங்குடி. அதே 2011-இல்தான் பேரூராட்சியாக இருந்த அந்த ஊர் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கே ஒரு இரவுப் பயணம். கிரேட்டர் நொய்டா இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். 2011 பந்தயத்துக்குக் குறைந்தபட்ச டிக்கெட் 2,500 ரூபாய். ரயில் செலவு தனி. இப்படிப்பட்ட ஊரில் இருக்கும் ஒரு பையனுக்குப் பந்தயப் பாதை என்பதைக் காட்டிய ஒரே ஜன்னல் கணினித் திரைதான். அந்தத் திரையில் 'கார்த்திகேயன்' என்று தமிழ்ப் பெயர் ஒன்று, ஹாமில்டன், வெட்டல் பெயர்களோடு அதே பட்டியலில் வந்தது. முந்தைய ஆண்டு விளையாட்டில் சந்தோக் இருந்தார். இது சின்ன விஷயம் இல்லை.

செலவுப் பக்கம்

சிறிய குறைகளை முதலில் சொல்லிவிடலாம். பந்தயத்தில் ஜெயித்தால் மேடையேறிக் கோப்பை வாங்கும் காட்சி இல்லை. இது அப்போதே பலர் குறைப்பட்ட விஷயம். சாதாரண கீபோர்டில் ஓட்டினால் ஆக்ஸிலரேட்டர் ஒன்று முழுசாக அமுங்கும், இல்லையென்றால் அமுங்கவே அமுங்காது. பாதி மிதிப்பது என்பதே கிடையாது. ஸ்டீயரிங்கும் பெடலும் தனியாக வாங்கினால்தான் நிஜம் தெரியும். ஆக, அந்த நிஜத்துக்கும் ஒரு விலை!

இனிப் பெரிய குறைகள்.

நிஜமான புத்தா பாதையில், முதல் பயிற்சி நாளன்று தெருநாய் ஒன்று உள்ளே ஓடி வந்து பயிற்சியையே நிறுத்தியது. பாதையின் ஓரமெல்லாம் புழுதி. கொஞ்சம் விலகினால் டயருக்குப் பிடி கிடைக்காது. ஃபெலிப் மாசாவின் ஃபெராரி ஓரக்கட்டையில் ஏறி, தகுதிச் சுற்றில் ஒருமுறையும் பந்தயத்தில் ஒருமுறையும் சஸ்பென்ஷன் உடைந்தது. பாதை கட்டி முடியும் முன்பே செய்த விளையாட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வரைபடம் வேறு, தரை வேறு.

அடுத்தது ஆபத்து. விளையாட்டில் மோதினால் 'ஃப்ளாஷ்பேக்' அமுக்கி, சில விநாடிகள் பின்னால் போய் மறுபடியும் ஓட்டலாம். புத்தாவில் முதல் பந்தயம் தொடங்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அந்த அக்டோபரிலேயே, ஒரு வார இடைவெளியில், இண்டிகார் பந்தயத்தில் டான் வெல்டனும் மோட்டோ ஜிபியில் மார்கோ சிமோன்செல்லியும் இறந்திருந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பொத்தானும் இல்லை.

மூன்றாவது குறைதான் எல்லாவற்றையும் விடப் பெரியது: பணம்.

விளையாட்டில் பின்வரிசை அணி ஒன்றில் தொடங்கலாம். நன்றாக ஓட்டினால் பெரிய அணிகள் கூப்பிடும். நிஜத்தில் நரேனுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அவர் 2011-இல் எச்ஆர்டியில் சேர்ந்ததற்குப் பின்னால் டாடா குழுமத்தின் ஆதரவு இருந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் பந்தயத்தில், வேகமான நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்ற விதியால் எச்ஆர்டியின் இரண்டு கார்களுமே ஓட முடியாமல் போனது. எட்டுப் பந்தய வாரங்களுக்குப் பிறகு நரேனின் இடம் டேனியல் ரிக்கார்டோவுக்குப் போனது. ரிக்கார்டோவின் பின்னால் இருந்தது ரெட் புல். சொந்த நாட்டுப் பந்தயத்துக்கு மட்டும் நரேனுக்கு மறுபடி இடம் கிடைத்தது. அதில் ரிக்கார்டோவுக்கு முன்னால் 17-ஆவதாக முடித்தார்! ஆனால் செப்டம்பரில் வெளியான விளையாட்டில் ரிக்கார்டோவே இல்லை. அங்கே நரேன் எந்தச் சிக்கலும் இல்லாமல் 19 பந்தயங்களும் ஓடினார்.

டயர் தேய்வதைச் சரியாகக் கணக்குப் போட்ட விளையாட்டு, ஸ்பான்சர் போனால் இருக்கை போகும் என்பதைச் சொல்லவே இல்லை. பயிற்சி செய்தால் போதும் என்று நம்பும் பையனை அது பாதிதான் தயார் செய்கிறது.

பாதிதான் என்பதற்கும் ஆதாரம் உண்டு. நிசானும் சோனியும் 2008-இல் 'ஜிடி அகாடமி' தொடங்கின. 'கிரான் டூரிஸ்மோ' நன்றாக விளையாடுபவரைத் தேர்ந்தெடுத்து நிஜக் கார் கொடுப்பார்கள். முதல் போட்டியில் ஜெயித்த ஸ்பெயினின் லூகாஸ் ஒர்டோன்யெஸ், 2011-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் தன் அணியோடு இரண்டாம் இடம் பிடித்தார். திரையில் கற்ற திறமை பொய்யில்லை என்று இது காட்டியது. ஆனால் அந்தக் காருக்கும் பயிற்சிக்கும் செலவு செய்தது நிசான். அந்தக் கை இல்லாவிட்டால் அவரும் வீட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

பந்தயம் போன கதை

புத்தாவில் 2011, 2012, 2013 என்று மூன்றே பந்தயங்கள். மூன்றிலும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். பிறகு பந்தயம் நின்றது. காரணம் வளைவோ வேகமோ இல்லை, வரி! இது விளையாட்டா கேளிக்கையா என்ற கேள்வியில், உத்தரப் பிரதேச அரசு கேளிக்கை என்றது. அதனால் கேளிக்கை வரி. வருமான வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆண்டுக்குச் சில நாட்கள்தான் நடந்தாலும், அந்த ஓடுபாதை ஃபார்முலா 1 நிறுவனத்துக்கு இந்தியாவில் உள்ள நிலையான தொழிலிடம்தான், எனவே வரி உண்டு என்று 2017 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வணிகவியல் மாணவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

2014 பந்தய அட்டவணையில் இந்தியா இல்லை. அந்த ஆண்டு விளையாட்டிலும் புத்தா இல்லை. ஆனால் பழைய டிஸ்க் வைத்திருப்பவர், 2011-இன் கார்களோடு அந்தப் பாதையை இன்னும் சுற்றிவரலாம். பாதை கட்டி முடியும் முன்பே வந்த விளையாட்டு, பந்தயம் போன பின்னும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வரவுப் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

பணக் குறையைப் பின்னாளில் கோட்மாஸ்டர்ஸே கொஞ்சம் சரிசெய்தது. 'எஃப்1 2020'-இல் 'மை டீம்' என்ற பகுதி வந்தது. அதில் சொந்தமாக அணி தொடங்கி, ஸ்பான்சர் பிடித்து, செலவைப் பார்த்து ஓட்ட வேண்டும். ஆனால் அங்கேயும் விளையாடுபவர்தான் முதலாளி. காசு கொண்டுவர முடியாமல் நடு சீசனில் இருக்கையை இழக்கும் ஓட்டுநராக யாரும் விளையாட வேண்டியதில்லை. அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்தால்தான் "அப்படியே நிஜம் மாதிரி" என்று சொல்ல முடியும். அதுவரை, பிரேக் எங்கே பிடிக்க வேண்டும் என்பதை விளையாட்டிடம் கற்றுக்கொள்ளலாம். பந்தயம் எப்படி நடக்கிறது என்பதை நரேனின் 2011-ஐப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.