ஒரு மனைக்கு ஒரு குடித்தனம்

ஒரு மனைக்கு ஒரு குடித்தனம் என்ற விதி பிறந்தது 1916இல், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில். எல்ம்வுட் பகுதியில் ஒரு மனைக்கு ஒரு குடித்தனம்தான், அடுக்ககம் கூடாது என்றார்கள். முன்னின்றவர் டங்கன் மெக்டஃபி, மனை வணிகத்தில் பெரும்புள்ளி. அவர் போட்ட நகர்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே இருந்தது.

விதியின் வாசகத்தில் நிறமோ இனமோ கிடையாது. ஆனால் நகரின் அதே மண்டலச் சட்டத்தைக் கொண்டுதான் இரண்டு ஜப்பானியர் சலவைக்கூடங்களையும், ஒரு சீனர் சலவைக்கூடத்தையும், ஆறு குதிரை கட்டும் லாயம் ஒன்றையும் வேறொரு பகுதியிலிருந்து காலி செய்யவைத்தார்கள். கறுப்பினத்தவரின் நடனக்கூடம் ஒன்று முக்கியமான தெருமுனைக்கு வராமலும் பார்த்துக்கொண்டார்கள்.

மறு ஆண்டே, இனவாரியாகத் தெருப் பிரிக்கும் லூயிவில் நகரின் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. வெளிப்படையாகச் சொன்ன சட்டம் விழுந்தது. சொல்லாமல் செய்த சட்டம் பிழைத்தது. 1926இல் ஓஹையோவின் யூக்ளிட் ஊர் வழக்கில் அதே நீதிமன்றம் மண்டல விதிகளுக்கு முழு அங்கீகாரம் தந்தது. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்ககத்தைத் தீர்ப்பு ஒட்டுண்ணியாகவே பார்த்தது. பிறகென்ன, நாடெங்கும் பரவல்தான்.

அப்படிப் பரவிய நகரங்களில் ஒன்றான மினியாபொலிஸில் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த விதிக்குள் இருந்தது. 2018இல் அந்த விதியை நீக்கும் புதிய திட்டத்தை நகரம் முன்வைத்தபோது வீட்டுத் தோட்டங்களில், எங்கள் பேட்டையைத் தரைமட்டமாக்காதே என்ற சிவப்புப் பலகைகள் முளைத்தன. எதிர்ப்பக்கம் நின்றது ‘நெய்பர்ஸ் ஃபார் மோர் நெய்பர்ஸ்’. இன்னும் பல அக்கம்பக்கத்தார் வரட்டும் என்று கேட்ட அக்கம்பக்கத்தாரின் தன்னார்வலர் குழு. கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு வழக்கமாக வருபவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள். இனிமேல் குடிவர வேண்டியவர் அங்கே வந்து பேச முடியாதே! அந்தக் காலி நாற்காலிக்காக இவர்கள் பேசினார்கள். என் பார்வையில் இயக்கத்தின் பெரிய வேலை அதுதான்.

ஒரு மனைக்கு நான்கு குடித்தனம் என்று கேட்ட வரைவு, எதிர்ப்பில் மூன்றாகக் குறைந்தது. அந்த டிசம்பரில் நகர மன்றம் 12க்கு 1 என்று நிறைவேற்றியது. எதிர்ப்பாளர்களோடு பறவை ஆர்வலர் அமைப்பு ஒன்றும் சேர்ந்து சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் வழக்குப் போட, திட்டம் நீதிமன்றத்தில் முடங்கியது. 2024இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி அதைக் காத்தது.

இத்தனை சண்டைக்குப் பிறகு முக்குடித்தன வீடுகள் சொற்பமே வந்தன. காரணம் எளிது: கட்டடத்தின் மொத்தப் பரப்பளவு வரம்பைப் போதிய அளவு தளர்த்தாமல், உள்ளே மூவர் இருக்கலாம் என்றால் எந்தக் கட்டுநர் வருவார்? புதிய குடியிருப்புகளில் பெரும்பகுதி பெரிய அடுக்ககங்களில்தான் எழுந்தது. பேருந்துத் தடங்களை ஒட்டி உயரக் கட்ட அனுமதித்ததும், இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் என்ற கட்டாயத்தை 2021இல் முற்றிலும் நீக்கியதும் பலன் தந்தன. 2017 முதல் 2022 வரை நகரின் வீட்டு எண்ணிக்கை 12 சதவீதம் கூடியதாகவும், வாடகை 1 சதவீதமே ஏறியதாகவும் பியூ அறக்கட்டளை கணக்கிட்டது. மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் ஏற்றம் 14 சதவீதம். பேரும் பழியும் முக்குடித்தனத்துக்கு. வேலை செய்தது கார் நிறுத்துமிட விதி மாதிரியான, யாரும் தோட்டத்தில் பலகை நடாத மாற்றங்கள்.