குறியெதிர்ப்பை

பக்கத்து வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி வாங்குகிறோம். அது அன்றைக்கே உலைக்குப் போய்விடும். அதே அரிசியைத் திருப்பித் தர முடியாது. அதே அளவு வேறு அரிசிதான் தரலாம். இரவல் வாங்கிய புத்தகம் என்றால் அதுவே திரும்ப வேண்டும். வட்டிக் கடன் என்றால் வாங்கியதற்கு மேல் கொடுக்க வேண்டும். இரண்டிலும் சேராத இந்த அரிசிக் கணக்குக்குச் சங்கத் தமிழ் தனிப் பெயர் வைத்திருந்தது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, வாங்கியபடியே எதிர் கொடுப்பது என்று பொருள் சொல்கிறார் திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர்.

இந்தச் சொல் பிறந்த இடம் அரசவையோ சந்தையோ அல்ல, ஒழிந்துபோன அடுக்களை. புறநானூற்றின் 333ஆம் பாட்டில் ஒரு வீடு. இருந்த வரகும் தினையும் வந்த இரவலர்கள் உண்டதிலும் கொண்டுபோனதிலும் தீர்ந்துவிட்டன. அளந்து வாங்கலாமென்றால் அதுவும் கிடைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் விதைக்கென்று கதிரோடு காயவைத்திருந்த தினையை எடுத்து உரலில் போடுகிறாள். விதையில் கைவைப்பதற்கு முன்னால் ஒரு குடும்பம் கடைசியாகத் தட்டுகிற கதவு எது என்பது இதில் தெரிகிறது. இங்கே குறித்து, மாறு, எதிர்ப்பை என்று சொல் இன்னும் துண்டு துண்டாகவே கிடக்கிறது.

ஒட்டிய உருவில் அதைப் பார்க்க 163ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய புலவர் பெருஞ்சித்திரனார், யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று மனைவியிடம் அடுக்குகிறார். சுற்றத்தின் பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. ‘நெடு’ என்ற அடையோடு அதைச் சொல்கிறார். பாக்கி நெடுநாளாக நின்றிருக்க வேண்டும் என்றே நான் படிக்கிறேன். கவனிக்க வேண்டியது, கடன் தந்தது அவளுக்கு, புலவருக்கு அல்ல. புலவர் அரசர்களிடம் கேட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் வீட்டை ஓட்டியது இந்தப் பெண்களின் ஏற்பாடுதான். சரி, அதைச் சொல்லவாவது செய்தாரே!

வள்ளுவர் கையில் சொல் வேறு வேலைக்குப் போனது. ஈகை அதிகாரத்தின் முதல் குறளில் (221) ஏழைக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையது என்று தள்ளிவிடுகிறார். பசிக்கு உதவிய பழக்கத்துக்கு இது கொஞ்சம் கடுமைதான். ஆனால் பதில் வரும் என்று தெரிந்து கொடுக்கிற கைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் அவருக்கு வேறெது கிடைத்திருக்கும்?

பேச்சில் இப்போது இந்தச் சொல் இல்லை. அந்த இடத்தில் கைமாற்று வந்துவிட்டது, அதுவும் பெரும்பாலும் பணத்துக்கு. வள்ளுவர் சொன்ன பொருளில் தேடினால் மொய் நோட்டில் கிடைக்கும். ஆனால் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாத மொய் விருந்துகளில் பழைய மொய்யைத் திருப்புவதோடு அதற்கு மேல் புது மொய்யும் எழுதுவார்கள். வாங்கிய அளவே திரும்புவதுதான் குறியெதிர்ப்பை என்றால், இதை அந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.